பல கைப் பணம், ஒரே பாதை

திருப்பதி, சித்தூர் ஜில்லாக்களின் சாலைகளில் பஸ்ஸில் செல்லும் யாத்திரிகர் பெருமாளின் தரிசனத்தை நினைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாரே அல்லாமல், அந்தப் பிரதேசத்துப் பாதைகளைப் பற்றிய கடன் பத்திரங்களும் திட்ட வரைபடங்களும் வாஷிங்டன், மணிலா, டோக்கியோ, பெய்ஜிங், ஷாங்காய் என்ற ஐந்து மாநகரங்களின் காரியாலயங்களில் இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். வளரும் தேசங்களின் போக்குவரத்து அபிவிருத்திக்கு வெளிநாடுகளும் சர்வதேச ஸ்தாபனங்களும் பொருளுதவி செய்வது இன்று சர்வசாதாரணமான விஷயம். உதவுகிறவர் ஒருவரானால் அவருடைய நிபந்தனைகளை மட்டும் கவனித்தால் போதும். பலரானால், யார் எந்தப் பாதைக்குப் பணம் தருவது, யாருடைய விதிகளின்படி வேலை நடப்பது, முடிந்த பாதையைப் பின்னால் யார் பராமரிப்பது என்ற கேள்விகள் எழுகின்றன. இவற்றுக்கு விடை காணும் காரியத்தைத்தான் உதவிகளின் ஒருங்கிணைப்பு என்கிறார்கள். கேட்பதற்குக் காகித விவகாரமாகத் தோன்றினாலும், மதனப்பள்ளித் தக்காளி அழுகாமல் சென்னைக்கு வந்து சேருவது இதைப் பொறுத்த விஷயந்தான்.

அன்னிய மூலதனம் இப்பிரதேசத்துக்குப் புதியதன்று. லண்டனில் திரட்டிய பணத்தைக் கொண்டு, நூற்றுக்கு ஐந்து வீதம் லாபம் நிச்சயம் என்ற சர்க்கார் உத்தரவாதத்தின் பேரில், மதராஸ் ரயில்வே கம்பெனி 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை முதல் ரயிலை ஓட்டியது. அதன் வடமேற்குக் கிளை அரக்கோணம், ரேணிகுண்டா, கடப்பை வழியாகச் சென்று 1871-ல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு கலந்தது. இவையெல்லாம் ஐந்தடி ஆறங்குல அகலப் பாதைகள். 1870-ல் மேயோ பிரபுவின் சர்க்கார் சிக்கனத்தை உத்தேசித்து மீட்டர் அளவையும் அனுமதித்தது. அதன் பயனாக, தென்னிந்திய ரயில்வே நடத்திய விழுப்புரம், காட்பாடி, பாகாலா, திருப்பதி, கூடூர் பாதை மீட்டர் பாதையாக அமைந்தது. தனித்தனியே பார்த்தால் இரண்டு முடிவுகளுக்கும் தக்க நியாயம் உண்டு. இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தவர் இல்லாமையால், ஓர் அளவுப் பாதையிலிருந்து இறக்கிய மூட்டை மற்றோர் அளவுப் பாதையின் வண்டியில் மறுபடி ஏற்றப்பட வேண்டியதாயிற்று. இந்தப் பிழையைத் திருத்துவதற்காக 1992-ல் தேசம் முழுவதற்குமாக ஒரே அகலத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்க நேர்ந்தது.

இதற்கு நேர்மாறான வரலாறு திருமலைக்குச் செல்லும் மலைப்பாதையினுடையது. அலிபிரியிலிருந்து படியேறியோ, சந்திரகிரிப் பக்கத்து ஸ்ரீவாரி மெட்டு வழியாகவோ, இயலாதவர்கள் டோலியிலோ சென்ற காலம் மாறி, 1944 ஏப்ரலில் சென்னை மாகாணக் கவர்னர் சர் ஆர்தர் ஹோப் முதலாவது மலைச்சாலையைத் திறந்துவைத்தார். பொறியியல் மேதை விசுவேசுவரய்யாவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் அந்தச் சாலையும், 1970-களில் உருவான இரண்டாவது சாலையும் இன்று, இறங்குவதற்கு ஒன்று, ஏறுவதற்கு ஒன்று என்று கிரமமாக வேலையைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. திருப்பதி தேவஸ்தானத்துக்குப் பொருள் தந்தவர்கள் கோடிக்கணக்கானவர்கள். ஆனால் எந்தப் பாதை, எப்பொழுது, எந்த அகலத்தில் என்று தீர்மானித்தது ஒரே நிர்வாகம்.

கோயில் நிர்வாகத்தை அறிந்தவர்களுக்கு உண்டியலுக்கும் கட்டளைக்கும் உள்ள பேதம் தெரியும். உண்டியலில் விழுந்த காசு யாருடையது என்ற அடையாளத்தை அக்கணமே இழந்து, கோயிலின் தேவை எதுவோ அதற்குப் பயன்படுகிறது. கட்டளையோ, இன்ன நாளில் இன்ன பூஜைக்கு என்று கொடுத்தவர் விதித்தபடியே நடந்தாக வேண்டும். பத்துக் கட்டளைக்காரர்கள் சேர்ந்து வைகாசி உற்சவத்துக்கு மட்டும் எழுதிவைத்துவிட்டால், ஐப்பசியில் விளக்குக்கு எண்ணெய் இல்லாமற் போவதும் சாத்தியமே. சர்வதேச உதவியில் பெரும்பகுதி கட்டளை வகையைச் சேர்ந்தது. அதிலும், உதவி என்ற கௌரவமான பெயரால் அழைக்கப்படுவதில் பெரும்பங்கு வட்டியோடு திருப்பித் தர வேண்டிய கடனே என்பதை வாசகர் நினைவில் வைப்பது நலம்.

சுதந்திர பாரதம் உலக வங்கியிடம் பெற்ற முதற் கடனே போக்குவரத்துக்கானது: 1949-ல் ரயில்வேக்காக 34 மில்லியன் டாலர். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் நடுவே அன்னியச் செலாவணி வற்றிப் போனபோது, 1958 ஆகஸ்டில் உலக வங்கி, அமெரிக்கா, பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, ஜப்பான், கனடா ஆகிய நாடுகளை ஒரே மேஜையைச் சுற்றி உட்காரவைத்தது. இந்திய உதவிக் கூட்டணி என்று பெயர் பெற்ற அச்சபையே, ஒரு வளரும் தேசத்துக்கு உதவுகிறவர்கள் கூடிப் பேசும் வழக்கத்துக்கு முன்மாதிரியாகி, பின்னர் வேறு பல தேசங்களுக்கும் அத்தகைய சபைகள் தோன்றக் காரணமாயிற்று. 1961-ல் புதிதாகப் பிறந்திருந்த சர்வதேச அபிவிருத்திச் சங்கம் நெடுஞ்சாலைகளுக்கென 60 மில்லியன் டாலரை நீண்ட தவணையில் நமக்கு அளித்தது. நாளடைவில் நமது நிலை உயர்ந்து, 2003-ல் சில பெரிய நாடுகள் நீங்கலாக ஏனைய நாடுகளின் நேரடி உதவி இனி வேண்டுவதில்லை என்று இந்தியாவே அறிவித்தது. கொடுப்பவரின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதும் ஒருங்கிணைப்பின் ஒரு முறைதான். வாங்குகிறவருக்குத் துணிவு இருந்தாலன்றி அது கைகூடாது.

ஆயினும், பெரிய வங்கிகளின் எண்ணிக்கை குறையவில்லை. 2009-ல் உலக வங்கி 320 மில்லியன் டாலர் கடன் அளிக்க இசைந்த ஆந்திர சாலைத் துறைத் திட்டத்தில் சித்தூர்–புத்தூர் சாலையும் ஒன்று. அத்திட்டம் நடந்துகொண்டிருந்தபோதே 2014-ல் மாநிலம் இரண்டாகப் பிரிந்து, வேலைகளையும் பிரிக்க நேர்ந்தது. 2016-ல் ஆசிய வளர்ச்சி வங்கி விசாகப்பட்டினம்–சென்னைத் தொழிற்பாதைக்கு 631 மில்லியன் டாலர் ஒப்புக்கொண்டது. அதன் நான்கு மையங்களுள் ஏர்ப்பேடு–ஸ்ரீகாளஹஸ்தி ஒன்று. அதே காலத்தில் சென்னை–பெங்களூர்த் தொழிற்பாதைக்கு ஜப்பானின் ஜைகா ஸ்தாபனம் பெருந்திட்டம் வரைந்து, பொன்னேரி, கிருஷ்ணபட்டினம், தும்கூர் ஆகிய மூன்று இடங்களைத் தேர்ந்தது. 2018-ல் பெய்ஜிங்கிலுள்ள ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, ஆந்திரத்தின் அப்போதைய 13 ஜில்லாக்களிலும் 250 பேருக்கு மேல் வசிக்கும் சிற்றூர்களைத் தார்ச்சாலையால் இணைப்பதற்காக 455 மில்லியன் டாலர் அளிக்கச் சம்மதித்தது. ஷாங்காயிலுள்ள புதிய வளர்ச்சி வங்கியோ, மாநில நெடுஞ்சாலைகளுக்கும் மண்டலச் சாலைகளுக்குமாக தலா 323 மில்லியன் டாலர் வீதம் இரண்டு கடன்களுக்கு 2021-ல் உடன்படிக்கை செய்துகொண்டது.

இத்தனை பேரும் ஒருவரையொருவர் மிதித்துக்கொள்ளாமல் இருப்பதற்கு முதற்காரணம் நமது அரசியலமைப்பு. அதன் 293-வது ஷரத்தின்படி மாநிலங்கள் இந்திய எல்லைக்குள் மட்டுமே கடன் வாங்கலாம். ஆதலால் எந்த வெளிநாட்டுக் கடனும் தில்லி நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறையின் வாசலைக் கடந்தே வரவேண்டும். மாநிலம் அனுப்பும் பிரேரணையை அங்கே பரிசீலித்து, எந்த வங்கியிடம் பேசுவது என்று முடிவு செய்கிறார்கள். கடன் பத்திரத்தில் மத்திய அரசு கையொப்பமிட்டுப் பணத்தை மாநிலத்துக்கு மாற்றுகிறது. 2005-லிருந்து, விசேஷ அந்தஸ்து இல்லாத மாநிலங்களுக்கு அக்கடன் எந்த நாணயத்தில், எந்த வட்டியில் வந்ததோ அப்படியே மாற்றப்படுவதால், டாலரின் விலை ஏறினால் அந்தச் சுமையும் மாநிலத்தின் தலையில்தான் விழும்.

ஒரே வாசல் இருப்பது பெரிய பலம். ஆனால் வாசலைத் தாண்டிய பிறகு பணம் பல அறைகளுக்குப் பிரிந்துவிடுகிறது. சிற்றூர்ச் சாலை பஞ்சாயத்து ராஜ் இலாகாவின் பொறுப்பு. மாநில நெடுஞ்சாலை சாலைகள் கட்டடங்கள் இலாகாவின் பொறுப்பு. தொழிற்பாதை கைத்தொழில் இலாகாவின் கையில். இதற்கு மேல், டெண்டர் விடும் முறை, நிலம் இழந்தோருக்கு ஈடு தரும் முறை, மரம் வெட்டுவதற்கான நியமம், கணக்குத் தணிக்கை ஆகியவற்றில் ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியே விதிகள் உண்டு. தங்கள் கடனுக்கென்று தனிக் காரியாலயம் அமைக்கச் சொல்வதும் வங்கிகளின் வழக்கம். நல்ல எஞ்சினியர்கள் அந்தக் காரியாலயங்களுக்குப் போய்விட, அறிக்கை எழுதுவதே அவர்களுடைய முழுநேர உத்தியோகமாகி, அன்றாடச் சாலைப் பணியைப் பார்க்கும் இலாகா இளைத்துப் போவது பல தேசங்கள் கண்ட அனுபவம்.

கடல் கடந்து இலங்கையைப் பார்த்தால் இவ்விஷயத்தின் முழு உருவமும் தெரியும். கொழும்புக்கு அருகிலுள்ள கொட்டாவையிலிருந்து மாத்தறை செல்லும் தெற்கு அதிவேகப் பாதையின் முதற் பகுதிகளுக்கு ஜப்பானும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கடன் கொடுத்தன; 2011-ல் காலி வரையிலும் 2014-ல் மாத்தறை வரையிலும் திறக்கப்பட்ட அப்பாதையை அம்பாந்தோட்டை வரை நீட்டியது சீனக் கடன். போர் முடிந்த வடக்கிலோ, யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலையைச் சீரமைக்கச் சீனாவும், பெயர்த்தெடுக்கப்பட்ட ரயில் பாதையை மறுபடி அமைக்க இந்தியாவும், ஏனைய சாலைகளுக்கு ஆசிய வளர்ச்சி வங்கியும் பணம் தந்தன. பாதைகள் நன்றாகவே அமைந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் 2022-ல் அத்தேசம் வெளிக்கடனைச் செலுத்த இயலாது என்று அறிவித்தபோது, பிரான்ஸ், இந்தியா, ஜப்பான் ஆகிய மூன்றின் தலைமையில் கடன்கார நாடுகளின் குழு ஒன்று கூட, சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கி தனியே பேசித் தனியே உடன்பாடு கண்டது. கொடுக்கும்போது தங்களுக்குள் கலந்து பேசாதவர்கள், வசூலிக்கும் நாள் வந்தபோது பேசித் தீரவேண்டியவர்களானார்கள். அந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் இலங்கை மக்கள்.

இந்த அனுபவங்களையெல்லாம் கண்ட உலகம், 2005 மார்ச்சில் பாரிஸில் கூடி ஒரு பிரகடனம் செய்தது. திட்டம் வாங்குகிறவருடையதாக இருக்கவேண்டும். கொடுப்பவர்கள் அந்தத் தேசத்தின் முறைகளையே பின்பற்ற வேண்டும். தங்களுக்குள் இசைந்து நடக்க வேண்டும். பலனைக் கொண்டே அளக்க வேண்டும். இரு தரப்பும் ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்ல வேண்டும் என்பவை அதன் ஐந்து தத்துவங்கள். மேலே சொன்ன தனிக் காரியாலயங்களில் மூன்றில் இரண்டு பங்கைக் குறைப்பது அதன் இலக்குகளுள் ஒன்று. இதற்கு முன்பே 1990-களில் தான்சானியா தேசம், உலக வங்கியும் வேறு பல நாடுகளும் பங்குகொண்ட ஒரே ஒருங்கிணைந்த சாலைத் திட்டத்தை வகுத்து, சாலைப் பராமரிப்புக்கென்று தனி நிதியையும் ஏற்படுத்திற்று. ஆப்பிரிக்க நாடுகளுக்கு உபதேசிக்கப்பட்ட அந்தச் சாலை நிதி நமக்குப் பழைய சொத்து: ஜெயகர் கமிட்டியின் சிபார்சின் பேரில் பெட்ரோல் மீது வரி விதித்து மத்திய சாலை நிதியை இந்தியா ஏற்படுத்தியது 1929-ல்.

பராமரிப்பை இங்கே வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புதுச்சாலைக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு, கொடுத்தவரின் பெயர்ப் பலகை உண்டு; பள்ளத்தை அடைப்பதற்கு இவற்றில் ஒன்றும் இல்லை. ஆகையால் எல்லாக் கட்டளைக்காரர்களும் புதுச்சாலையையே நாடுகிறார்கள். 2009-ம் ஆண்டின் உலக வங்கித் திட்டத்தில், ஒப்பந்தக்காரர் பல ஆண்டுகளுக்குச் சாலையை நல்ல நிலையில் வைத்திருந்தால்தான் கூலி என்ற நீண்டகாலப் பராமரிப்பு ஒப்பந்த முறையையும் சேர்த்திருந்தது பாராட்டத்தக்க விலக்கு.

சித்தூர், திருப்பதி ஜில்லாக்களைப் பொறுத்தவரையில் வேண்டுவது புதிதாக ஒரு சர்வதேச மாநாடு அன்று. சிற்றூர்ச் சாலை முதல் தொழிற்பாதை வரை எல்லாவற்றையும், ரயில் நிலையங்களையும் ரேணிகுண்டா விமான நிலையத்தையும் சேர்த்து, ஒரே வரைபடத்தில் மாநில அரசு வரைந்து வெளியிட வேண்டும். எந்தப் பகுதிக்கு எவர் பணம், எந்த இலாகா பொறுப்பு, எத்தனை ஆண்டுப் பராமரிப்புக்கு நிதி ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை அவ்வரைபடத்திலேயே எழுதிவைக்க வேண்டும். பராமரிப்புக்கு வழி காணாத பாதைக்குக் கடன் பத்திரம் எழுதக்கூடாது. இதைச் செய்து முடித்தவன் முன்னால் வங்கிகள் தாமாக வரிசையில் நிற்கும். செய்யாதவன் ஒவ்வொரு வங்கியின் வரைபடத்துக்கும் ஒவ்வொரு முறை தலையசைத்துக்கொண்டிருப்பான். கடனை அடைக்கப்போகிறவர்கள் சித்தூரிலும் புத்தூரிலும் சந்தைக்குப் போகிற ஜனங்களாகையால், எந்தப் பாதை முதலில் என்று சொல்லும் உரிமையும் அவர்களுடையதே. வங்கிகளோடு பேச உட்காரும் உத்தியோகஸ்தர் அந்த உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.