சொறியும் நாய்க்குச் சிக்கனமான குளியல்

அந்தமான் தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. மே மாதத்தில் தொடங்கும் மழைக்காலம், இரு பருவக்காற்றுகளின் துணையுடன் டிசம்பர் வரை நீள்கிறது. குட்வில் எஸ்டேட் போன்ற தீவு ஊர்களில் வளரும் நாயின் உடல் முழுமையாக உலரும் நாட்கள் குறைவு. உரோமத்தின் அடியில் தங்கும் ஈரம் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் ஏற்ற இடமாகிறது. நாய் காதைச் சொறிகிறது; பாதத்தை ஓயாமல் நக்குகிறது; அதன் உடலில் புளித்த வாடை வீசுகிறது. வளர்ப்பவர் விலையுயர்ந்த ஷாம்பு ஒன்றை வாங்குகிறார். பயனில்லையெனில் மற்றொன்றை வாங்குகிறார். இச்செலவில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியதே.

தோலின் இயல்பு

மனிதத் தோலின் மேலடுக்கோடு ஒப்பிட்டால் நாயின் மேல்தோல் மிக மெல்லியது. நம் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது. நாயின் தோலோ நடுநிலையை ஒட்டியது. எனவே நமக்கென்று தயாரிக்கப்பட்ட சோப்பும் பொடுகு ஷாம்பும் நாய்க்குப் பொருந்துவதில்லை. பாத்திரம் துலக்கும் திரவம் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையை அகற்றிவிடும். வறண்ட தோல் மேலும் அரிக்கும். சொறிந்த இடம் புண்ணாகும்.

ராஜபாளையம் நாயின் குட்டையான வெள்ளை உரோமத்தின் கீழ் தோல் சிவப்பது எளிதில் புலப்படும். கருநிற நாய்களிலும் அடர்ந்த உரோமம் உள்ள நாய்களிலும் உரோமத்தை விலக்கிப் பார்த்தாலன்றி அது தெரியாது. வயிறு, அக்குள், விரலிடுக்கு, காதின் உட்புறம் ஆகியவற்றை வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

முதற்செலவு எது?

குளியல் அரிப்பைத் தணிக்கும்; அரிப்பின் காரணத்தை எப்போதும் நீக்கிவிடாது. தெள்ளுப்பூச்சி, உண்ணி, கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி, பூஞ்சை, உணவு ஒவ்வாமை எனக் காரணங்கள் பல. சிலவகைச் சொறி வீட்டிலுள்ளவர்களுக்கும் தொற்றும். ஆதலால் முதற்செலவு ஷாம்புக்கன்று, பரிசோதனைக்கே. தோலை இலேசாகச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய சோதனையே பல நேரங்களில் காரணத்தைக் காட்டிவிடும். அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் இத்தகைய உதவியைக் குறைந்த செலவில் பெறலாம். தமிழ்நாட்டில் இருப்போருக்கு, 1903-இல் தொடங்கப்பட்ட சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் உண்டு.

குளிப்பாட்டும் முறை

முதலில் உரோமத்தைச் சீவிச் சிக்கெடுக்க வேண்டும். வெந்நீர் அரிப்பைக் கூட்டும். சாதாரண நீரோ, இளஞ்சூட்டு நீரோ போதும். ஷாம்பை உரோமத்தின் அடிவரை விரல்களால் மென்மையாகத் தடவ வேண்டும். மருத்துவர் எழுதித் தந்த மருந்து ஷாம்பு எனில், பொதுவாக 10 நிமிடம் உடலில் ஊறவிட வேண்டும். உடனே கழுவிவிட்டால் மருந்தும் பணமும் நீரோடு போய்விடும். பிறகு நுரை சிறிதும் எஞ்சாதவாறு அலச வேண்டும்.

இறுதிப் படி உலர்த்துதல். ஈரப்பதம் மிக்க ஊர்களில் இதுவே முதன்மையானது. பழைய பருத்தித் துண்டுகள் இரண்டும் மின்விசிறியும் போதும். கடலில் நீந்திய நாயையும் நன்னீரில் அலசி, இவ்வாறே உலர்த்த வேண்டும்.

பெரும்பாலான நாய்களுக்கு மாதம் ஒரு குளியல் போதுமானது. மருந்துக் குளியலின் இடைவெளியை மருத்துவரே கூறுவார். உண்ணிக்காகக் கழுத்தில் சொட்டு மருந்து இட்டிருந்தால், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாட்கள் குளிப்பாட்டாதிருப்பது நலம்.

சமையலறையில் ஒரு துணை

சர்க்கரையோ மசாலாவோ சேராத ஓட்ஸை மிக்சியில் மாவாக அரைக்கவும். ஒரு கரண்டி மாவை நீரில் இட்டால் நீர் பால்போல் வெளுக்க வேண்டும். அதுவே சரியான பதம். இந்நீரை உடலில் ஊற்றி, 10 நிமிடம் கழித்து அலசினால் வறட்சியால் வரும் அரிப்பு தணியும். நுண்ணிய ஓட்ஸ் மாவை மனிதத் தோலுக்கான காப்புப் பொருளாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2003-இல் ஏற்றுள்ளது. கலந்த நீரை அன்றே பயன்படுத்திவிட வேண்டும்.

கிருமிநாசினித் திரவம், மண்ணெண்ணெய், தேயிலை மர எண்ணெய் ஆகியவை நஞ்சாகக்கூடும். பூனை தன் உடலை நக்கியே தூய்மை செய்வதால் அதற்கு ஆபத்து இன்னும் மிகுதி. நாய்க்குரிய உண்ணி மருந்தைப் பூனைக்கு இடவே கூடாது. நலமான பூனைக்குப் பெரும்பாலும் குளியலே தேவைப்படாது.

ஒரு சிறு கணக்கு

200 மில்லிலிட்டர் ஷாம்பின் விலை 400 ரூபாய் எனக் கொள்வோம். ஒரு குளியலுக்கு 40 மில்லிலிட்டர் ஊற்றினால் 5 குளியல். ஒன்றுக்கு 80 ரூபாய். சாதாரண மென் ஷாம்பாயிருந்து, நீர் கலக்கலாம் என்று புட்டியிலேயே குறிப்பு இருந்தால், 10 மில்லிலிட்டரைக் குவளை நீரில் கரைத்து ஊற்றலாம். 20 குளியல் கிடைக்கும். ஒன்றுக்கு 20 ரூபாய்தான். மருந்து ஷாம்பில் மட்டும் இச்சிக்கனம் வேண்டாம். நீர்த்தால் அதன் வீரியம் குறையும்.

சீழ், இரத்தக் கசிவு, வட்டமாக உரோமம் உதிர்தல், உறக்கம் கெடும் அளவுக்கு அரிப்பு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் குளியலை நிறுத்தி மருத்துவரை நாடுங்கள். வாய் திறந்து சொல்ல இயலாத உயிரின் வலியை உரிய காலத்தில் கண்டறிவதே உண்மையான சேமிப்பு.