சில்லு ஆணிகளின் பழுதும் திருத்தமும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. மாட்டு வண்டியின் சில்லை ஒரு கடையாணி காத்தது. உழவு இயந்திரத்தின் சில்லையும் இழுவைப் பெட்டியின் சில்லையும் ஐந்து, ஆறு அல்லது எட்டு ஆணிகள் காக்கின்றன. 'ஸ்டட்' எனப்படும் இவ்வாணிகள் குடத்திலிருந்து வெளியே நீண்டிருக்கும். அவற்றிற் சில்லைக் கோத்து நட்டுகளால் இறுக்குவர். ஓர் ஆணி முறிந்த பின்னும் வண்டி ஓடுவதால், பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

பழுது நேருங் காரணம்

பாரத்தை ஆணியின் தடிப்பே தாங்குகிறது என்று எண்ணுவது தவறு. நட்டை இறுக்கும்போது ஆணி மிகச் சிறிதளவு நீண்டு, சில்லைக் குடத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தமே பாரத்தைத் தாங்குகிறது. நட்டுத் தளர்ந்தால் சில்லு அசையும். ஒவ்வொரு சுற்றிலும் ஆணி சிறிது வளைந்து நிமிரும். நாளடைவில் வெடித்து முறியும். முறிந்த ஆணியின் பங்கை அடுத்துள்ள ஆணிகள் சுமக்க நேர்வதால் அவையும் விரைவில் முறியும்.

கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள எத்தாளை போன்ற ஊர்களில் இப்பழுதுக்கு வாய்ப்பு அதிகம். ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளம் களப்பும் இருப்பதால் உப்புக்காற்று இரும்பை அரிக்கிறது. சில்லைக் கழற்றிப் பூட்டும்போது மணல் இடையிற் புகுந்து, சில்லு குடத்தோடு படியாமற் செய்கிறது. நெற்செய்கையாளர் சேற்று உழவுக்காக இரும்புச் சில்லுகளை அடிக்கடி மாற்றுவதால் அவர்களுடைய ஆணிகளின் புரிகள் தேய்கின்றன. நீண்ட குழாயை ஸ்பானரிற் செருகி அளவுக்கு மீறி இறுக்குவதும் ஆணியைக் கெடுக்கும்.

அறிகுறிகள்

நட்டைச் சுற்றித் துருக்கோடுகள் படர்தல், நட்டு அடிக்கடி தளர்தல், சில்லின் துளைகள் நீள்வட்டமாதல், மெதுவாக ஓடும்போது தட்டும் ஓசை கேட்டல் ஆகியன பழுதின் அறிகுறிகள். இவற்றுள் ஒன்று காணப்படினும் பாரம் ஏற்றலாகாது.

திருத்தும் முறை

முதலிற் பாரத்தை இறக்கி, மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வைத்தல் வேண்டும். மணல் நிலத்தில் ஜக் புதைந்து சரியுமாதலால், அதன் அடியில் அகன்ற, தடித்த பலகையை இடுக. சில்லை உயர்த்துமுன் நட்டுகளைச் சிறிது தளர்த்துக. சில பழைய லொறிகளின் இடப்பக்கச் சில்லுகளில் இடப்புரி உண்டு. அதை அறியாது மறுபுறம் திருகினால் நல்ல ஆணியும் முறியும்.

புரியின் நுனி மட்டும் நசுங்கியிருந்தால், கம்பித் தூரிகையால் துருவை நீக்கி, அதே அளவுடைய டையினால் புரியைச் சீர்செய்யலாம். புரி உருண்டோ, ஆணி வளைந்தோ, வெடித்தோ இருந்தால் புதிய ஆணியே மருந்து. முறிந்த ஆணியை ஒட்டிப் பற்றவைத்தல் கூடாது. சூடேற்றிப் பதப்படுத்திய உருக்கு, பற்றவைக்கும் வெப்பத்தால் தன் உறுதியை இழக்கும். கடையில் வாங்கும் சாதாரண போல்ட்டும் ஈடாகாது. 4.6 என்னும் தர போல்ட் சதுர மில்லிமீற்றருக்கு 400 நியூட்டன் இழுவையைத் தாங்கும், 10.9 என்னும் தர ஆணி 1000 நியூட்டனைத் தாங்கும். இயந்திரத்துக்குரிய கையேடு குறிக்கும் ஆணியையே வாங்குதல் வேண்டும்.

பழைய ஆணியைப் பின்புறமாக வெளியேற்றி, புதியதன் தலையிலுள்ள வரிகள் குடத்தின் துளையிற் பொருந்துமாறு நேராகச் செருகி, தலை முழுதும் படியும்வரை உட்செலுத்துக. ஓர் ஆணி முறிந்திருந்தால் அதன் இருபக்கத்து ஆணிகளையும் மாற்றுக. இரண்டு முறிந்திருந்தால் அச்சில்லின் ஆணிகள் அனைத்தையும் மாற்றுவதே நன்று. துளை நீண்ட சில்லையும் நீக்குதல் வேண்டும்.

பூட்டுமுன் குடத்தின் முகத்தையும் சில்லின் முகத்தையும் மணல், துரு, தடித்த வர்ணம் இன்றித் துடைத்திடுக. கையேடு கூறினாலன்றிப் புரிக்கு எண்ணெய் பூசலாகாது. எண்ணெய் பூசிய நட்டு அதே பலத்தில் ஆணியை மிகுதியாக இழுத்துவிடும். நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, படிப்படியாக இறுக்கி, சில்லு நிலத்திற் பதிந்தபின் கையேடு கூறும் அளவுக்கு முடித்திடுக. பாதையில் 40 முதல் 80 கிலோமீற்றர் ஓடியதும், வயலில் ஒரு நாள் வேலை முடிந்ததும் மீண்டும் சோதித்தல் அவசியம்.

கவனக்குறைவின் விலை

கழன்ற சில்லு வண்டியை மட்டும் கவிழ்ப்பதில்லை. உருண்டோடி வழியிற் செல்வோரையும் கொல்லும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1990களில் லொறிகளிலிருந்து கழன்ற சில்லுகள் மோதிப் பலர் உயிரிழந்தனர். அதன்பின் 1997இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, சில்லு கழன்றால், தாம் கவனமாகவே இருந்ததாக லொறியை நடத்துவோர் கூறுவது அங்கு ஏற்கப்படுவதில்லை.

எத்தாளையிலிருந்து மிளகாயும் வெங்காயமும் ஏற்றிப் பாலாவி வீதியிற் செல்லும் வண்டியின் அருகே பள்ளிப் பிள்ளைகளும் நடந்து செல்வர். பாரம் ஏற்றுமுன் சில்லுகளைச் சுற்றி ஒருமுறை நடந்து, நட்டுகளைத் தொட்டுப் பார்த்தல் சில நிமிட வேலையே. அதனைத் தவறாது செய்யும் கமக்காரர் தம் விளைச்சலையும் பிறர் உயிரையும் ஒருங்கே காப்பவராவர்.