கைக்கணினி அறிக்கையும் எழுத்துக் குறியீடும்

ஊர்தோறும் சென்று விவரம் சேகரிக்கும் ஊழியர் பலர் இந்நாளில் தாளுக்குப் பதிலாகக் கைக்கணினியைக் கொண்டு செல்கின்றனர். 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பிலேயே, பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தயாரித்த கைக்கருவிகள் உபயோகிக்கப்பட்டன. கைக்கணினியில் தமிழில் எழுதிய அறிக்கையை அலுவலகக் கணினிக்கு மாற்றித் திறக்கும்போது, சில சமயம் வெறுங் கட்டங்களோ, பொருளற்ற அயல் எழுத்துக்களோ, கேள்விக்குறிகளோ தோன்றுவதுண்டு. அறிக்கை கெட்டுவிட்டதென்று எண்ணி அழித்துவிடுவாரும் உளர். ஆயின் இம்மூன்றும் ஒரே கோளாறு அல்ல.

கணினி எழுத்தை எழுத்தாகச் சேமிப்பதில்லை; எண்ணாகவே சேமிக்கிறது. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பதை எழுதும் கருவியும் படிக்கும் கருவியும் ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும். இந்திய மொழிகளுக்கு இத்தகைய உடன்பாட்டை வகுத்ததில் புனே நகருக்குச் சிறப்பான பங்கு உண்டு. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய ‘ஜிஸ்ட்’ என்னும் எழுத்துத் தொழில்நுட்பப் பணி, 1988-இல் புனேயில் நிறுவப்பட்ட உயர்கணிப்பு வளர்ச்சி மையமாகிய ‘சி-டாக்’கில் தொடர்ந்து வளர்ந்தது. ‘இஸ்கி’ எனப்படும் குறியீடு 1991-இல் இந்தியத் தரமாக ஏற்கப்பட்டது. அதில் 179 என்னும் எண் ‘க’வைக் குறிக்கும்; தமிழாயினும் தேவநாகரியாயினும் அதே எண்தான். எந்த லிபியில் காட்டவேண்டும் என்பதைத் தனியொரு குறிப்பு தெரிவிக்கும். சிக்கனமான ஏற்பாடுதான், ஆனால் அக்குறிப்பு தவறிவிட்டால் தமிழ் அறிக்கை நாகரி உருவில் தோன்றக்கூடும்!

இஸ்கியின் முந்தைய வடிவத்தைத் தழுவியே யூனிகோடிலும் இந்திய எழுத்துக்கள் வரிசைப்படுத்தப்பட்டன. ஆனால் அங்கு ஒவ்வொரு லிபிக்கும் தனி இடம் உண்டு. தேவநாகரி ‘க’வின் எண் 2325, தமிழ்க் ‘க’வின் எண் 2965. இன்று கோப்புகளில் பெரும்பாலும் வழங்கும் ‘யூடிஎப்-8’ முறையில் இவ்வெண் 224, 174, 149 என மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது. ‘பள்ளி’ என்னும் சிறு சொல்லுக்குப் புள்ளியும் உயிர்க்குறியும் சேர்த்து ஐந்து குறிகள், ஆகவே பதினைந்து பைட்டுகள் வேண்டும்.

இனி அம்மூன்று தோற்றங்களையும் நோக்குவோம். கட்டங்கள் தோன்றினால், எண்கள் சரியாக வந்துள்ளன. அவற்றை வரைந்து காட்டும் தமிழ் எழுத்துரு அக்கணினியில் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். எழுத்துருவை நிறுவினால் போதும். தலையில் கோடிட்ட ஆங்கில ‘ஏ’யும், வட்டத்துக்குள் அடைபட்ட ‘ஆர்’ எழுத்தும் மீண்டும் மீண்டும் வருமாயின், 224, 174 என்னும் பைட்டுகளை மேனாட்டுக் குறியீட்டின்படி கணினி தனித்தனியே படித்துவிட்டது என்று அறியலாம். எதையும் சேமியாமல் மூடி, ‘யூடிஎப்-8’ என்று தெரிவு செய்து மறுபடி திறந்தால் தமிழ் தெளிவாகத் தெரியும்.

கேள்விக்குறிகளே அபாயமானவை. கோப்பை மாற்றும் வழியில் ஏதோ ஒரு நிரல், தமிழுக்கு இடமில்லாத குறியீட்டில் அதனைத் திருப்பி எழுத முயன்று, ஒவ்வொரு குறிக்கும் பதிலாக 63 என்னும் கேள்விக்குறி எண்ணை இட்டிருக்கும். முருகனுக்கும் ஏழு கேள்விக்குறி, முனியனுக்கும் ஏழு கேள்விக்குறி. ஓய்வூதியப் பட்டியலில் யார் பெயர் இருந்தது என்பதை அப்பிரதியிலிருந்து எவராலும் மீட்க இயலாது. மூலம் கைக்கணினியில் இருந்தால் மட்டுமே வேறு வழியில் மறுபடி அனுப்பலாம். ஆகவே அலுவலகக் கணினியில் அறிக்கையைத் திறந்து, பெயர்கள் உள்ள சில வரிகளையேனும் படித்துப் பார்க்கும் வரையில் கைக்கணினியிலுள்ள மூலத்தை அழித்தல் ஆகாது.

பழைய கோப்புகளின் நிலை வேறு. யூனிகோடு பரவுமுன் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டைக் கொண்டிருந்ததால், 1999-இல் தமிழ்நாடு அரசு ‘டாம்’, ‘டாப்’ என்னும் தரங்களை அறிவிக்கவேண்டியதாயிற்று. அக்காலத்துப் பள்ளிப் பதிவேடுகளைத் திறக்கும்போது, எழுத்துருவின் பெயர் தெரிந்தால் தக்க மாற்றி நிரலைக் கொண்டு யூனிகோடாக்கிவிடலாம். அப்பெயரைக் கோப்பின் பெயரோடு சேர்த்தே எழுதிவைப்பது பின்வருவோருக்குப் பெரிதும் உதவும்.