வளைகாப்புக்கு முன் கேட்க வேண்டிய ஊசி

"மாசமா இருக்கற புள்ளைக்குச் சளிக்காச்சலுக்கெல்லாம் ஊசி போடோணுங்களா?" பேறுகாலப் பரிசோதனைக்கு மருமகளை அழைத்து வரும் மாமியார்கள் எங்களிடம் அடிக்கடி எழுப்பும் வினா இது. வயிற்றில் வளரும் உயிரின் மீதுள்ள அக்கறையே அவ்வாறு கேட்க வைக்கிறது. அதே அக்கறையால்தான் நாங்களும் ஃப்ளூ தடுப்பூசியைப் பரிந்துரைக்கிறோம்.

மூக்கொழுகி, தும்மி, சில நாட்களில் மறையும் சளி வேறு. இன்ஃப்ளூயன்சா எனும் ஃப்ளூ வேறு. கருவுற்ற பெண்ணின் கருப்பை வளர வளர நுரையீரல் விரிவதற்கான இடம் குறைகிறது; இதயத்தின் வேலை கூடுகிறது; நோயெதிர்ப்பு ஆற்றலும் மாறுகிறது. எனவே, பிறருக்குக் காய்ச்சலோடு முடியும் நோய் இவர்களுக்கு நிமோனியாவாக முற்றக்கூடும். குறைமாதப் பிரசவத்திற்கும் இட்டுச் செல்லக்கூடும். 2009இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது உலகம் இதைக் கண்கூடாகக் கண்டது. அமெரிக்க மக்கள்தொகையில் ஏறத்தாழ 1 விழுக்காடே இருந்த கர்ப்பிணிகள், அங்கு அந்நோயால் இறந்தோரில் 5 விழுக்காடாக இருந்தனர். அந்தக் கிருமி மறைந்துவிடவில்லை. இன்று ஆண்டுதோறும் வந்து போகும் ஃப்ளூ கிருமிகளுள் ஒன்றாகிவிட்டது.

தாயைக் காட்டிலும் குழந்தையை எண்ணியே இவ்வூசியை நாங்கள் வலியுறுத்துகிறோம் என்றாலும் மிகையாகாது. பிறந்து ஆறு மாதம் நிறைவதற்கு முன் எந்தக் குழந்தைக்கும் ஃப்ளூ தடுப்பூசி போட இயலாது. அந்த ஆறு மாதமும் தாயிடமிருந்து தொப்புள்கொடி வழியே பெற்று வந்த எதிர்ப்புப் பொருளே அதன் முதன்மையான காப்பு. அண்டை நாடான வங்கதேசத்தின் டாக்காவில் 2004-05இல் 340 தாய்மாரிடம் நடந்த ஆய்வில், பேறுகாலத்தின் இறுதி மூன்று மாதங்களில் ஃப்ளூ ஊசி பெற்றோரின் குழந்தைகளிடையே, பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 63 விழுக்காடு குறைந்திருந்தது. முழுக் காப்பு அன்று; ஆயினும் கைக்குழந்தைக்கு இது சிறிய உதவியன்று. 2012இல் உலக சுகாதார நிறுவனம் இத்தடுப்பூசிக்குக் கர்ப்பிணிகளையே முதல் இடத்தில் வைத்தது.

நம் நாட்டில் ஃப்ளூ ஆண்டுக்கு இரு முறை தலைதூக்குகிறது: சனவரி முதல் மார்ச் வரையிலும், பருவமழையை அடுத்த மாதங்களிலும். தைப்பூசத்திற்குப் பழனி செல்லும் பாதயாத்திரைக் கூட்டம் மடத்துக்குளம் சாலையை நிறைப்பதும் முதற்காலத்தில்தான். கூட்டம் வேண்டுமானால் ஒரு வாரத்தில் கலையும். நூற்பாலைக்கும் பனியன் கம்பெனிக்கும் ஆட்களை நெருக்கி ஏற்றிச் செல்லும் வேன்கள் ஆண்டு முழுவதும் ஓடுகின்றன. வேலைக்குச் செல்லும் கர்ப்பிணிகளும் அவற்றில்தான் செல்கின்றனர்.

ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட கிருமி. அதனால் ஃப்ளூ வராது. புயத்தில் போடுகிறோம். ஓரிரு நாள் கைவலி, உடல்வலி, இலேசான காய்ச்சல் இருக்கலாம். மூக்கில் தெளிக்கும் மருந்தில் உயிருள்ள கிருமி இருப்பதால் அதைக் கர்ப்பிணிகளுக்குத் தருவதில்லை. முன்பு தடுப்பூசியால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் முன்கூட்டியே கூறுங்கள். கடும் காய்ச்சல் இருப்பின் அது தணிந்தபின் போட்டுக்கொள்ளலாம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகள் நாங்கள் கேட்டவர்களுக்கு மட்டுமே இதைப் பற்றிக் கூறினோம். கர்ப்பிணிகளுக்கான டிடி ஊசியைப் போல இது தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இடம்பெறவில்லை. குடும்பத்திற்கு மேலும் ஒரு செலவை ஏற்றுகிறோமோ எனத் தயங்கினோம். சொல்லாமல் விட்டது எங்கள் பிழை. இப்போது கேட்காவிடினும் சொல்கிறோம். நாங்கள் மறந்தால் நீங்கள் கேளுங்கள்.

எந்த மாதத்திலும் போட்டுக்கொள்ளலாம். காப்பு உருவாக ஏறத்தாழ இரு வாரங்கள் ஆகும். நம் பகுதியில் வேறொரு சிக்கலும் உண்டு. வளைகாப்பு முடிந்ததும் பெண் பிறந்தகம் செல்கிறாள், மருத்துவமனையும் மாறுகிறது. அங்குப் போட்டிருப்பார்கள் என இங்கும், இங்குப் போட்டிருப்பார்கள் என அங்கும் எண்ணி ஊசி விடுபட்டுப் போகிறது. ஆகவே வளைகாப்பு நாள் குறிக்கும்போதே இதற்கும் ஒரு நாள் குறியுங்கள். ஊசி போட்ட தேதியைத் தாய்-சேய் நல அட்டையில் எழுதச் செய்து உடன் எடுத்துச் செல்லுங்கள். அடுத்த கர்ப்பத்தில் மீண்டும் போட வேண்டும். கிருமி மாறுவதற்கேற்ப மருந்தும் ஆண்டுதோறும் மாற்றப்படுகிறது. குழந்தையைத் தூக்கி வளர்க்கப்போகும் பாட்டியும் போட்டுக்கொண்டால் நன்று.

ஊசி போட்டிருப்பினும் காய்ச்சலுடன் இருமல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் கைவைத்தியம் பார்த்துக் காத்திராமல் உடனே வாருங்கள். ஃப்ளூவிற்கான ஓசெல்டமிவிர் மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்கும் தரலாம். நோய் தொடங்கி 48 மணி நேரத்திற்குள் தொடங்கினால் அது நன்கு பயன் தரும். கைக்குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, வழக்கத்திற்கு மாறாகச் சோர்ந்து உறங்கினாலோ, காய்ச்சல் இல்லாவிடினும் இரவென்று பாராமல் அழைத்து வாருங்கள்.