பெருந்தொற்றுக் கால அரசு நலவாழ்வுத் தகவலில் அரசியல் செல்வாக்கு: திருப்பூர்ச் சிவப்பு மண்டல அறிவிப்பை முன்வைத்து

பெருந்தொற்றுக் காலத்தில் அரசு வெளியிடும் தகவல்மீது அரசியல் செலுத்தும் செல்வாக்கைப் பொய்யுரையாகவோ மறைப்பாகவோ மட்டும் காண்பது போதாது. எதனைத் தகவலாக்குவது, அதனை எவ்வதிகாரத்தோடு பிணைப்பது என்னும் தெரிவுகளிலேயே அது மிகுதியும் தொழிற்படுகிறது.

2020 ஏப்ரலில் தமிழ்நாட்டு மக்கள் நல்வாழ்வுத்துறையின் அன்றாடச் செய்தியாளர் சந்திப்புகளில், தில்லி மாநாட்டுடன் தொடர்புடைய தொற்றாளர்கள் முதலில் தனித்துச் சுட்டப்பட்டனர். பின்னர் அச்சுட்டு 'ஒற்றை மூலம்' என மாறியது. நோய்க்குப் பெயரிடும்போது இடத்தையோ மக்கட்குழுவையோ சுட்டலாகாது என உலக நலவாழ்வு அமைப்பு 2015இலேயே அறிவுறுத்தியிருந்தது. அந்நெறியோடு இம்மாற்றம் இணங்குவதே. எனினும் பெயர் மறைந்ததேயன்றித் தனித்து எண்ணும் வகைப்பாடு மறையவில்லை.

சொல்லைக் காட்டிலும் நிறத்தின் விளைவு கடுமையானது. ஏப்ரல் 30 அன்று ஒன்றிய நலவாழ்வு அமைச்சகம் நாட்டின் மாவட்டங்களை 130 சிவப்பு, 284 ஆரஞ்சு, 319 பச்சை என வகைப்படுத்தியது. தமிழ்நாட்டின் 12 சிவப்பு மாவட்டங்களுள் திருப்பூரும் ஒன்று. தொற்றாளர் எண்ணிக்கை, அது இரட்டிக்கும் வேகம், பரிசோதனையின் அளவு, கண்காணிப்புத் தகவல் ஆகியன அளவைகளாயின. மாநிலங்கள் மேலும் மாவட்டங்களைச் சிவப்பில் சேர்க்கலாம். ஒன்றியம் சிவப்பெனக் குறித்ததைத் தளர்த்த இயலாது. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ள துறை என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

மே 1 அன்று உள்துறை அமைச்சகம் பிறப்பித்த ஆணை, சிவப்பு மண்டல நகர்ப்புறங்களில் சிறப்புப் பொருளாதார மண்டலங்கள், ஏற்றுமதி சார் அலகுகள், நுழைவுக் கட்டுப்பாடுடைய தொழிற்பேட்டைகள் முதலிய சிலவற்றுக்கே இசைவளித்தது. திருப்பூரின் பின்னலாடைத் தொழிலோ அவ்வாறு வேலிக்குள் அடங்குவதன்று. நிட்டிங், சாயமேற்றல், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் எனப் பல கை மாறிய பின்னரே ஒரு பனியன் பெட்டிக்குள் செல்கிறது. இவற்றுள் பல, குடியிருப்புத் தெருக்களில் இயங்கும் ஜாப் ஒர்க் அலகுகளில் நடைபெறுவன. ஏற்றுமதி நிறுவனம் இயங்கலாம், அதற்குத் தைத்துக் கொடுக்கும் தெருப் பட்டறை இயங்கலாகாது என்னும் ஆணை நடைமுறையில் இரண்டையுமே முடக்கவல்லது. பீஸ் ரேட்டில் கூலி பெறும் தொழிலாளிக்குச் 'சிவப்பு' என்பது, தொற்று எவ்வாறு பரவுகிறது, தையல்கூடத்தில் இடைவெளியை எவ்வாறு பேணுவது என்பவற்றுள் எதனையும் உணர்த்தவில்லை. நாளை வேலை உண்டா என்பதற்கான விடையாகவே அது சென்றடைந்திருக்க வேண்டும்.

மே 17 அன்று, மண்டலங்களை வரையறுக்கும் பொறுப்பை ஒன்றிய அரசு மாநிலங்களிடம் அளித்தது. அளவைகளை வகுக்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அன்றே தமிழ்நாடு அரசு 25 மாவட்டங்களுக்குக் கூடுதல் தளர்வுகளை அறிவித்தது. திருப்பூரும் அவற்றுள் இடம்பெற்றது. மாவட்டத்தில் தொற்று அதற்குள் தணிந்திருந்தமையால், இதனை அரசியல் முடிவு என மட்டும் கூறுதல் பொருந்தாது. ஆயினும் அம்முடிவை மாநிலம் எடுக்க இயன்றது, நிறத்தைத் தீர்மானிக்கும் கை மாறிய பின்னரே.