முழங்காலுக்குக் கையும் மாத்திரையும்

ரவாங், குண்டாங், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு முழங்கால் வலி வேலையோடு சேர்ந்தே வந்தது. வெட்டுப்பட்டை தரையை நெருங்கிவிட்ட மரத்தில் நன்றாகக் குனிந்தோ ஒரு காலை மடக்கியோதான் கத்தியை இழுக்க முடியும். நிரை முடியும்வரை அதே மடக்கல்தான். பிறகு பால் வாளிகளைக் காண்டாவில் தொங்கவிட்டு மேட்டிலிருந்து ஸ்டோருக்கு இறங்கவேண்டும். சுமையோடு சரிவில் இறங்கும்போது முழங்கால் சில்லுக்குப் பின்னால் விழும் அழுத்தம் சமதரையில் நடப்பதைவிடப் பல மடங்கு. செம்பனை வந்த பிறகு, உதிரிப்பழம் பொறுக்கிய பெண்களுக்குக் குந்தியபடியே பொழுது போனது.

அன்று தோட்ட மருந்தக டிரெசர் கொடுத்த வலி மாத்திரையைத் தவிர நம்பிக்கையெல்லாம் லயத்தில் சுளுக்கு எடுக்கத் தெரிந்த பாட்டியின் கைமேல்தான். எண்ணெயைச் சூடாக்கித் தொடையிலிருந்து கீழே நீவுவார். சில்லை இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல அசைப்பார். "நீட்டு, இப்ப மடக்கு" என்பார். முடிவில் நொச்சி இலை ஒத்தடம். இயன்முறை சிகிச்சையாளரும் இன்று சில்லை அப்படித்தான் அசைத்துக் கொடுக்கிறார். ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாட்டி தளர்த்திவிட்ட கால் மறுநாள் விடியுமுன் மறுபடி ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்கவேண்டும், கூலி அப்படி.

இன்று ரப்பர் நின்ற நிலங்களில் தாமான் வீடுகள். முழங்கால் வலி மட்டும் குடிமாறவில்லை. மலேசியாவில் 65 வயதைத் தாண்டியோரில் 39 சதவீதத்தினர் முழங்கால் வலி சொன்னதாக 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. கிளினிக்குக்குப் போனால் டைக்ளோஃபெனாக், ஆர்கோக்சியா என்று ஏதாவது ஒரு மாத்திரை கையில் வந்துவிடும். வலியும் குறையும், மறுப்பதற்கில்லை.

இந்த வகை மாத்திரைகள் உடலில் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதைத் தடுக்கின்றன என்று ஜான் வேன் 1971-இல் கண்டுபிடித்தார். வீக்கத்தையும் வலியையும் கூட்டும் அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் போகவும் உதவுகிறது. இனிப்புநீரும் ரத்தக்கொதிப்பும் நம் இந்தியர் வீடுகளில் எவ்வளவு என்பது தெரிந்ததே. கொதிப்பு மாத்திரை, நீர் இறக்கும் மாத்திரை, அதன்மேல் தினமும் வலி மாத்திரை என்றால் சிறுநீரகம்தான் அடிவாங்கும். இதைவிட மோசம், பசார் மாலாமில் 'மூலிகை' என்று விற்கும் மூட்டுவலி மாத்திரைகள். அவற்றில் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை பிடித்து எச்சரித்திருக்கிறது. முழுங்கியதும் வலி பறந்துபோவது அதனால்தான்.

அப்படியானால் கைதான் மருந்தா? பிரிட்டனின் 2022 மூட்டுத் தேய்மான வழிகாட்டி, முழங்காலுக்கு முதலில் வலிநீக்கி ஜெல் தடவச் சொல்கிறது. விழுங்கும் மாத்திரை அதற்கடுத்து, குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு. கைமுறைச் சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டும் பரிசீலிக்கலாம் என்கிறது. அமெரிக்க வாத மருத்துவர் சங்கம் 2019-இல் அந்தச் சேர்க்கையைக்கூடப் பரிந்துரைக்கவில்லை. ஆனால் 2020-இல் 156 பேரிடம் நடந்த ஆய்வில், கைமுறையும் பயிற்சியும் கொண்ட இயன்முறை சிகிச்சை பெற்றவர்களுக்கு, மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களைவிட ஓராண்டு முடிவில் வலி குறைவாக இருந்தது. கை முழங்காலைத் தளர்த்திக் கொடுக்கும். அதைத் தாங்கி நிற்பது தொடைத்தசை. அந்தத் தசையை வளர்க்கப் பாட்டிக்கு நேரமில்லை, மாத்திரைக்குச் சக்தியில்லை.

முழங்காலுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து அமுக்கி ஐந்து எண்ணுவது, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது போன்ற பயிற்சிகளை அரசு மருத்துவமனையில் சொல்லித் தருகிறார்கள். தோட்டத்தை விட்டு வந்த நம் அம்மாக்கள் அங்கே போகும்போது, சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டர் மேசையில் கொட்டிக் காட்டவேண்டும். கூடப் போகும் பிள்ளைகள் சிறுநீரகப் பரிசோதனையைக் கேட்டு வாங்கவேண்டும்.