பொம்மையும் வண்ணமும் – 14: எண்ணெய் காணாத கறுப்பு

கறுப்பை டப்பாவிலிருந்து அப்படியே எடுத்துப் பூசினால் பொம்மையில் ஓட்டை விழுந்ததுபோல் தெரியும் என்று போன வாரம் சொன்னேன். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும்.

இந்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்டது ஒரு காந்தம். பழைய வீடுகளில் ரெட் ஆக்சைடு தரை பார்த்திருப்பீர்கள். அதன் தம்பிதான் பிளாக் ஆக்சைடு. திண்டிவனத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் பொட்டலம் வாங்கிவந்து, தூளைக் காகிதத்தில் கொட்டி, அடியில் காந்தத்தை நகர்த்தினேன். முள்ளம்பன்றி போலச் சிலிர்த்துக்கொண்டு எழுந்து நின்றது! காரணம், அது மேக்னடைட்: மூன்று இரும்பு அணு, நான்கு ஆக்சிஜன் அணு. சேலம் கஞ்சமலையிலும், நமக்குப் பக்கத்தில் திருவண்ணாமலையின் கவுத்திமலை, வேடியப்பன்மலையிலும் தாதுவாகக் கிடப்பது இதேதான். அன்று சாயங்காலம் வீட்டில் யாரையும் விடவில்லை, எல்லாருக்கும் காட்டினேன்.

அகல்விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்துப் பிடித்த கரியை வைத்துப் பாருங்கள், காந்தத்துக்கு அது அசையாது. அது கார்பன். தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களை 1930களில் வேதியியல் முறையில் ஆராய்ந்த சென்னை அருங்காட்சியகத்து எஸ். பரமசிவன் அங்கே கண்ட கறுப்பும் கார்பன்தான்.

பொம்மைக்கு இதனால் என்ன? இரண்டும் தனியாக இருக்கும்வரை ஒரே கறுப்பு. கொஞ்சம் வெள்ளை கலந்தால் குணம் வெளியே வரும். விளக்குக்கரி நீலம் பாய்ந்த சாம்பலாகும். இரும்புக் கறுப்பு பழுப்புப் பக்கம் சாயும்.

நிஜக் கறுப்பு நமக்கு வேண்டியதே இல்லை. 2014இல் இங்கிலாந்தின் சர்ரே நானோசிஸ்டம்ஸ் அறிவித்த வான்டாபிளாக், விழும் ஒளியில் 99.965 சதவீதத்தை விழுங்கிவிடும். கசக்கிய அலுமினியத் தாளின் மேல் அதை ஏற்றினால் கசங்கலே தெரியாது. மூன்று அங்குலப் பொம்மையில் மூக்கும் மடிப்பும் அப்படிக் காணாமல் போனால் மிச்சம் என்ன இருக்கும்?

ஆகவே, முதல் பூச்சு கறுப்புக்கு ஒரு படி கீழே. சுத்தக் கறுப்பு மடிப்பின் குழியில் மட்டும். மேடான விளிம்பில் மெல்லிய சாம்பல் கோடு. அந்தச் சாம்பல் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கறுப்புச் சேலை சாம்பல் சேலையாகிவிடும். கடைசியில் பளபளப்பு வார்னிஷா, மங்கல் வார்னிஷா என்பதே பாதித் தீர்ப்பு. விழுப்புரத்தை ஒட்டிய அய்யங்கோவில்பட்டில் செய்யும் காகிதக்கூழ்ப் பிள்ளையார் ஆற்றில் கரைய வேண்டியவர். அவருக்கு எண்ணெய்ப் பூச்சின் மினுமினுப்பு ஆகாது. மூஞ்சூறுக்கு அது நல்லதாகப் போயிற்று. அதன் ரோமம் எங்கே மின்னுகிறது?

கூந்தலுக்கு வருவோம். எண்ணெய் வைத்துப் பின்னிய சடைக்கு விளக்குக்கரி வகை. உச்சியின் வளைவில் குறுக்காக ஒரே ஒரு நீலவெள்ளைக் கீற்று, மேலே பளபளப்பு வார்னிஷ். முடி முடியாகக் கோடு போடாதீர்கள்.

திரௌபதிக்கு இது பொருந்தாது. செஞ்சி, திண்டிவனம் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவில் படுகளம் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மண்ணில் கிடத்திய துரியோதனன் தொடையிலிருந்து ரத்தம் எடுத்துத் தடவிய பிறகுதான் அம்மன் கூந்தலை முடிப்பாள். அதுவரை எண்ணெயும் இல்லை, சீப்பும் இல்லை என்பது அவள் சபதம். அத்தனை வருஷம் வெயிலில் வனத்தில் அலைந்த தலை செம்பட்டை பாய்ந்திருக்கும். அங்கேதான் என் காந்தக் கறுப்பு! அதில் துளி காவி சேர்த்து, உலர்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் வருடி, மங்கல் வார்னிஷோடு நிறுத்துங்கள். கொலுப்படியில் அவளுக்கும் பளபளவென்று எனாமல் அடித்து உட்காரவைத்தால், சபதத்தை நாமே முடித்துவைத்தது மாதிரி ஆகிவிடும்.

கண் எழுதுவதைப் பற்றிச் சொல்கிறேன் என்றிருந்தேன், பக்கம் தீர்ந்துவிட்டது. அடுத்த வாரம் கருமணி. அதில் வைக்கும் வெள்ளைப் புள்ளி எந்தப் பக்கம் என்பதில் பெரிய தகராறே இருக்கிறது.